பேங்க் கட்டடத்து விரிசல்

எங்கள் கட்டடத்தில் விரிசல் விட்டதை முதலில் பார்த்தவர் என் நாத்தனார். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்கே எது கோணலாக இருந்தாலும் அவருக்குத்தான் முதலில் மூக்கில் வேர்க்கும். நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கே, எனக்குக் கதவைச் சாத்தத் தெரியவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். அந்தக் கதவு இன்றைக்கும் இருக்கிறது. நானும் அதே மாதிரிதான் சாத்திக்கொண்டிருக்கிறேன்.

மழை விட்டு நல்ல வெயில் ஏறத் தொடங்கிய வாரம் அது. கீழே பெரிய கூடத்தில் குழந்தைகளுக்குப் பாய் விரிக்கப் போனவர், "இங்க கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று என்னைக் கூப்பிட்டார். அந்தக் குரலில் சண்டை இல்லை. அதனாலேயே கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால், பக்கவாட்டுச் சுவரில் தரையோரம் தொடங்கிய ஒரு கீறல் சாய்வாக ஏறி, நடுவில் ஒரு வளைவு எடுத்து, என் தலைக்கு மேலே போய்விட்டிருந்தது. விரல் நகத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளே போயிற்று.

"கையை எடு. நீ தொட்டா இன்னும் பெருசாகும்" என்றார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள பாசத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருவில் இருப்பதிலேயே வயசானது அதுதான். கப்பலில் வந்த துணி மூட்டைகளை இறக்கி வைக்க ஒரு கம்பெனி கட்டிய கிடங்கு. கம்பெனி போனது, பேங்க் வந்தது. பேங்க் பெரிய இடமாகப் பார்த்துப் போனதும் ஒருவர் கட்டிலும் பீரோவும் விற்றார். அவருக்குப் பிறகு ஹோட்டல். ஹோட்டலுக்குப் பிறகு டைப்ரைட்டிங் கற்றுக்கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் வந்து அவர்கள் வாயில் மண்ணைப் போட்டது. இத்தனை பேரில் ஒருத்தர்கூடப் போகும்போது சுத்தமாகக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. ஆளுக்கு ஒன்றை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

பேங்க் விட்டுப்போன கேஷியர் கூண்டில்தான் என் வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறார். கண்ணாடி வெட்டுவார், படங்களுக்கு ஃபிரேம் போடுவார். கம்பிக்கு நடுவில் பணம் தள்ளுவதற்கு என்று ஒரு சின்ன ஓட்டை உண்டு. எந்த ஃபிரேமும் அதில் நுழையாது. ஒவ்வொன்றையும் கொண்டுபோய்க் கொடுக்க அவர் கூண்டைச் சுற்றி வெளியே நடந்துவர வேண்டும். கம்பியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. எடுத்தால் கடைக்கு ஒரு கம்பீரம் போய்விடுமாம்.

கூடம் முழுக்க என் நாத்தனாருடையது. அங்கே அவர் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். வேலைக்குப் போகும் தாய் தகப்பன்மார் காலையில் கொண்டுவந்து விடுவார்கள், சாயங்காலம் வந்து கூட்டிப்போவார்கள். பேங்கின் பணப்பெட்டி அறைதான் பாய் தலையணை வைக்கும் இடம். யானை முட்டினாலும் அசையாத இரும்புக் கதவு அதற்கு. உள்ளே ஈரம் காய்ந்தும் காயாத தலையணைகள். ஹோட்டல்காரன் கைகழுவும் தொட்டிகளைத் தாழ்வாகப் போட்டிருந்தான்; ஏன் என்று அவனுக்கே தெரியாது, பிள்ளைகளுக்கு எட்டுகிறது. தெருவில் இன்னும் எல்லாரும் இதை பேங்க் என்றுதான் சொல்கிறார்கள். "புள்ளையை பேங்க்ல போட்டுட்டு வந்துடறேன்" என்று ஒரு அம்மா போனில் சொல்லிக்கொண்டே படியேறுவதை நானே கேட்டிருக்கிறேன்.

மாடியில் எங்கள் குடித்தனம். என் நாத்தனாரின் கணவர் தவறிப்போன பிறகு, தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் அவர். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வந்த புதிதில் சும்மா உட்கார முடியாமல், கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு பெண்ணின் குழந்தையை மடியில் வாங்கினார். அப்படித்தான் காப்பகம் ஆரம்பித்தது. அவருக்கு நான் வைத்த பெயர் சுப்ரீம் கோர்ட். அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் போய் முறையிட இடம் கிடையாது. பெயர் அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும்.

அவருடைய ஒரே மகன் தூர தேசத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். அம்மா தனியாகக் கஷ்டப்படுகிறாள், கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்குப் பல வருடத்து ஆசை. அவரோ ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொல்லிவந்தார். அங்கே போனால் நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், பேச ஆள் இருக்காது, ராஜா வீட்டுப் பொம்மை மாதிரி வைத்திருப்பான் என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். சொன்ன கையோடு, இதை நீ அவனிடம் சொன்னால் நடப்பதே வேறு என்றும் சொன்னார்.

விரிசலைப் பார்க்க, வேறு ஊரில் இருக்கும் கட்டடக்காரர் ஒரு இன்ஜினியரை அனுப்பினார். சின்னப் பெண். காதில் பென்சில், கையில் குட்டிச் சுத்தியல். சுவரை அங்கங்கே தட்டிக் காது வைத்துக் கேட்டாள். சத்தம் சரியில்லை, பூச்சு விட்டிருக்கலாம், உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். அந்தச் சுவரின் மறுபக்கம் இருப்பது ஒரு ஒடுங்கிய சந்து. அடுத்த கட்டடத்துக்காரர் தகரம் அடித்து அதன் வாயை மூடிவிட்டதால் வெளியே போய்ப் பார்க்கவும் வழியில்லை. அவள் அங்கிருந்தே கட்டடக்காரருக்குப் போன் போட்டாள். உடைக்கக் கூடாது, உடைத்தால் அதை யார் பூசுவது என்று அவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

அதனால் அவள் வேறொன்று செய்தாள். ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்ட் போட்டு ஒட்டினாள். சுவர் இனி அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். ஒரு மயிரிழை அசைந்தாலும் அது தாங்காது, உடைந்துவிடும். அடுத்த மாதம் வந்து பார்ப்பேன், உடைந்திருந்தால் எல்லாரும் காலி செய்ய வேண்டியதுதான் என்றாள். அதுவரை குழந்தைகளைப் பின்பக்க அறைகளில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி, மேலே உத்தரத்துக்கு இரும்பு முட்டுக்களும் கொடுக்க வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே நாத்தனாரின் மகனிடமிருந்து போன் வந்தது. விஷயத்தை அவனிடம் யார் சொன்னது என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரருக்கு வாயில் ஊறின அவல் தங்காது. இடிந்து விழப்போகும் கட்டடத்தில் அம்மாவை எப்படி விட்டுவைப்பது என்று அவன் பதறினான். அம்மாவும் பிள்ளையும் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"சரி. கண்ணாடி உடைஞ்சா வர்றேன். வந்து அங்கேயே இருந்துடறேன். உடையலைன்னா இந்தப் பேச்சை நீ இனிமே எடுக்கக் கூடாது."

சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. இனி அது மாறாது என்று எனக்குத் தெரியும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி நான் அழவில்லை. அவர் அறையைப் பற்றித்தான் யோசித்தேன். வெளியூரில் படிக்கும் எங்கள் மகள் லீவுக்கு வந்தால் நடுக்கூடத்தில்தான் படுக்கிறாள். வீடு மாறிப் போனாலும், அவளுக்கென்று ஒரு அறை இருக்கும். அடுப்படியில் நான் வைத்த டப்பா வைத்த இடத்தில் இருக்கும். உப்பு கூடிவிட்டது என்று சொல்ல ஆள் இருக்காது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கண் அந்தப் பட்டை மேல்தான். கூடத்தில் யாரும் அதிர நடப்பதில்லை. ஃபிரேமுக்கு ஆணி அடிக்கும் வேலையை வீட்டுக்காரர் நடைபாதையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குக்கூட விஷயம் புரிந்துபோய், ஒருத்தன் தும்மினால் இன்னொருத்தி அவன் வாயைப் பொத்தினாள். தெருவில் லாரி போனால் மூன்று பேரும் மூன்று பக்கமிருந்து ஓடிவந்து பார்ப்போம். கண்ணாடி முழுசாக இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பிப் போவோம்.

நாட்கள் போகப் போக, நாத்தனார் என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். நான் வாங்கிவந்த துடைப்பத்தைக் குறை சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் வேண்டுமென்றே கதவை ஓங்கிச் சாத்தினேன். சத்தமே இல்லை அவரிடமிருந்து. மறுபடியும் திறந்து, இன்னும் ஓங்கிச் சாத்தினேன். உள்ளே எட்டிப் பார்த்தால், கட்டிலில் உட்கார்ந்து புடவைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார், கொண்டுபோவது ஒரு பக்கம், எனக்குக் கொடுப்பது ஒரு பக்கம். நல்லதெல்லாம் என் பக்கம் இருந்தது. நான் அடுப்படிக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

அந்த அறை எனக்கு வேண்டாம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நாள் பூராவும் யாரோடு மல்லுக்கு நிற்பேன், யார் வாயை அடைக்க மறுநாள் இன்னும் நன்றாகச் சமைப்பேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஆனால் சண்டைக்கு லாயக்கில்லை. ஒரு வார்த்தை சொன்னால் சரி என்று சொல்லிவிடுவார்.

இன்ஜினியர் பெண் வருவதற்கு முதல் நாள் காலை கண்ணாடி உடைந்திருந்தது.

அதையும் நாத்தனார்தான் முதலில் பார்த்திருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை. நான் கீழே வரும்போது குழந்தைகளின் காலை வேலைகள் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. அவர் ஒரு குட்டியின் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, "உடைஞ்சுடுச்சு" என்று மட்டும் சொன்னார். போய்ப் பார்த்தேன். பட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு முனையில் பொடிந்தும் இருந்தது. மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும் மேலே போய், பரண் மேலிருந்து பெட்டியை அவரே இறக்கினார். நான் பிடிக்கிறேன் என்று கை நீட்டியதற்கு, பரவாயில்லம்மா என்றார். என்னை அவர் அம்மா என்று சொன்னதே இல்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. தண்ணீரைக் குடிப்பதும் தட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அவருடைய ஒன்றுமில்லைக்கு அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியாதா. விடாமல் குடைந்ததில் விஷயம் வந்தது.

கண்ணாடி தானாக உடையவில்லை. அந்தப் பட்டையின் வெட்டிய விளிம்பு கூர் மழுங்காமல் அப்படியே இருந்ததாம். கண்ணாடி வெட்டுகிறவன் எவனும் அந்த விளிம்பைத் தேய்க்காமல் ஆள் புழங்கும் இடத்தில் வைக்க மாட்டானாம். குழந்தைகள் ஓடும் இடம், தப்பித் தவறி ஒரு பிள்ளை அந்தப் பக்கம் போய்க் கையைக் கிழித்துக்கொண்டால் என்ன செய்வது என்று மாதம் முழுக்க அவருக்கு மனசு அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் யாரும் எழுந்திருக்கும் முன்னால் சாணைக்கல்லை எடுத்துக்கொண்டு போய் விளிம்பை மெல்லத் தேய்த்திருக்கிறார். ஒரு பக்கம் வழவழப்பாக வந்துவிட்டது. மறுபக்கம் தேய்க்கும்போது டிக் என்றதாம்.

நான் அவரைப் பார்த்தேன். ஊரில் இருக்கிற கண்ணாடியெல்லாம் போதாதென்று அந்த ஒரு பட்டைக்குத்தானா அவர் கை அரிக்க வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதையாக ஆகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அடித்துக்கொண்ட கை பாதியில் நின்றுவிட்டது. அப்படியானால் சுவர் அசையவில்லை. அசைந்தது என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. எனக்கு அந்த நிமிஷம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இன்னொரு பட்டை வெட்டி ஒட்டிடுங்க. அதே கனம், அதே நீளம். அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியப் போகுது" என்றேன்.

அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணாடிகூட எடுத்து வைத்துவிட்டார். இரண்டு பேரும் கள்ளர்கள் மாதிரி கூடத்துக்கு இறங்கினோம். அங்கே நாத்தனார், சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பியின் கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தம்பி நடந்ததை ஒப்பித்தார். முழுவதையும் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ உடைச்சதாவே இருக்கட்டும்டா. ஆனா நீ தேய்க்காம இருந்தா இன்னிக்கோ நாளைக்கோ அது தானா உடைஞ்சிருக்குமா, உடைஞ்சிருக்காதா? உனக்குத் தெரியுமா?"

தம்பி தெரியாது என்று தலையாட்டினார்.

"எனக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு கண்ணுல மண்ணைத் தூவிடலாம், சுவத்தோட கண்ணுல தூவ முடியாது. இது அடுத்தவங்க புள்ளைங்க தூங்குற இடம்."

"அண்ணி, போனா நீங்க திரும்பி வர மாட்டீங்க" என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரியும். அதுக்காக?" என்றார்.

கண்ணாடியை நாலாவது ஆளுக்குத் தெரியாமல் என் வீட்டுக்காரர் கூண்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அன்று பெற்றோர் எல்லாரிடமும் நாளைக்குக் காப்பகம் இல்லை என்று நாத்தனாரே சொல்லி அனுப்பினார்.

மறுநாள் இன்ஜினியர் பெண் வந்தாள். என் வீட்டுக்காரர் சாணைக்கல்லையும் கையில் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றார், திருட்டுப் பொருளை ஒப்படைக்கிறவர் மாதிரி. அவள் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, எரிச்சல்தான் பட்டாள். ஒரு மாத வேலை வீண், இந்த உடைந்த துண்டை வைத்து நல்லதும் சொல்ல முடியாது கெட்டதும் சொல்ல முடியாது என்றாள். இன்னொரு பட்டை ஒட்டி இன்னொரு மாதம் பார்க்கலாம், இல்லை என்றால் காலி செய்யச் சொல்லி எழுதிவிடலாம், பாதுகாப்புக்கு அதுதான் நல்லது என்று பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

"உடைச்சுப் பாத்தா தெரியும்னு அன்னிக்குச் சொன்னியேம்மா. உடை. கட்டடக்காரருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார் நாத்தனார்.

கட்டடக்காரருக்கு நாத்தனார் எப்படிப் பதில் சொல்வார் என்பதை அந்தப் பெண் அவர் முகத்திலேயே பார்த்திருக்க வேண்டும். முட்டு கொடுக்க வந்த ஆட்களையே கூப்பிட்டு உளியும் சுத்தியலும் எடுக்கச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் வாசல் படியில் நின்றோம். முதல் அடி விழுந்ததும் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை.

முதலில் எங்கள் மஞ்சள் சுண்ணாம்பு உதிர்ந்தது. அடியில் டைப்ரைட்டிங்காரர்கள் அடித்த பச்சை. அதற்கு அடியில் பூச்சு பொருபொருவென்று கையோடு வந்தது. உள்ளே ஹோட்டல்காரன் ஒட்டிய நீல ஓடுகள், அவற்றின் மேல் இத்தனை வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு. பழையதைப் பிடுங்க வேண்டுமே என்ற சோம்பேறித்தனத்தில், வந்தவன் ஒவ்வொருத்தனும் முந்தினவன் மேலேயே பூசிவிட்டுப் போயிருக்கிறான். விரிசல் அந்த ஓடுகளையும் பிளந்துகொண்டு போயிருந்தது. இன்ஜினியர் பெண்ணின் முகம் சுருங்கியது. ஓடுகளையும் பெயர்க்கச் சொன்னாள்.

ஓடு விழுந்ததும் பலகை தெரிந்தது.

ஆள் உளியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மரப் பலகை. வரிசையாக, மேலிருந்து கீழ்வரை. இன்ஜினியர் பெண் கிட்டே போய் விரலால் அமுக்கினாள். விரல் பலகைக்குள் இறங்கியது. கரையான் அரித்து, மழை ஈரத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து, இற்றுப்போய் இருந்தது. அவள் யோசிக்காமல் பலகையைப் பிடித்து இழுத்தாள். மொத்தமும் பொலபொலவென்று விழுந்து தூசி கிளம்பியது. நாங்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம்.

தூசி அடங்கி உள்ளே வந்தபோது அந்தப் பெண் ஒரு இடைவெளிக்குள் தோள் வரை நுழைந்து நின்றிருந்தாள். டார்ச்சை மேலே அடித்தாள், கீழே அடித்தாள், சுத்தியலால் தட்டினாள். இந்தத் தடவை அந்தச் சத்தம் எங்களுக்கே புரிந்தது. டங் என்று கனமான சத்தம்.

"இதுதாம்மா சுவர். கல்லு. ஒரு கீறல் இல்லை" என்றாள்.

நாங்கள் இத்தனை வருடம் சுவர் என்று நம்பியது சுவரே இல்லை. கட்டில் பீரோ விற்றவர், தன் சரக்கு பளிச்சென்று தெரிவதற்காகக் கல் சுவருக்கு முன்னால் ஒரு பலகைத் தடுப்பு நிறுத்தியிருக்கிறார். அதன் மேல் ஹோட்டல், ஹோட்டல் மேல் டைப்ரைட்டிங், அதன் மேல் நாங்கள். இற்றது பலகை. விரிந்தது பலகை மேல் இருந்த பூச்சு. துணி மூட்டைக்காரர்கள் கட்டிய சுவர், பின்னால் இது எதுவும் தெரியாமல் கல்லாக நின்றிருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

இன்னொரு கூத்தும் அங்கே இருந்தது. கல் சுவரில் ஒரு பெரிய ஜன்னல். வெளியே மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் கதவு தெரியும். மாடியில் காயப்போட்ட துணியை அந்தக் கதவின் மேல் நான் எத்தனையோ நாள் தவறவிட்டிருக்கிறேன். உள்ளே வந்தால் அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. இது என்ன கணக்கு என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் ஒரு நாளும் உறைக்கவில்லை. எல்லாவற்றையும் முதலில் பார்க்கும் நாத்தனாருக்கும் உறைக்கவில்லை. இதை நான் அவரிடம் பிறகு எத்தனை தடவை சொல்லிக் காட்டினேன் என்பது தனிக் கதை.

ஆள் ஒருவன் ஜன்னலின் துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தட்டி எடுத்தான். வெளிச்சம் கூடத்துக்குள் விழுந்தது. இன்ஜினியர் பெண் தலைமுடியெல்லாம் சுண்ணாம்போடு வெளியே வந்து, இருக்கும் பலகையை முழுக்க எடுத்துவிடுங்கள், கரையானுக்கு மருந்து அடியுங்கள், அவ்வளவுதான், யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்றாள். போகும்போது என் வீட்டுக்காரரிடம் சாணைக்கல்லைக் காட்டி, இனி இதை என் கண்ணாடி பக்கம் கொண்டுவராதீர்கள் என்று சொன்னாள். அப்போதுதான் அவளும் சிரித்தாள். என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்து, முடியாமல், தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன், ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

நாத்தனார் மட்டும் பின்பக்க அறைக்குப் போனார். டீ போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், பிள்ளைகளுடைய குட்டிப் பாய் இரண்டை ஒட்டிப் போட்டு, காலை மடக்கிக்கொண்டு, பட்டப் பகலில் தூங்கிக்கொண்டிருந்தார். புடவையில் சுண்ணாம்புத் தூள். மாதம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவருடைய போன் அடித்தது. மகன். அவர் எழுந்துவிடப் போகிறாரே என்று நானே எடுத்தேன். என் குரல் கேட்டதும் அவன் பதறினான். "அத்தை, அம்மாவுக்கு என்ன?"

தூங்குகிறார் என்றேன். இன்ஜினியர் வந்தது, சுவரை உடைத்தது, பலகை, கல், ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மாமாவின் சாணைக்கல் வேலையையும் மறைக்கவில்லை. கட்டடத்துக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் அவன் ஒரு பெருமூச்சு விட்டான். உண்மையாகவே பயந்துபோய் இருந்திருக்கிறான், பாவம். அவன் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த மூச்சோடு போய்விட்டது.

"அப்ப அம்மா வரவே மாட்டாங்களா?" என்று கேட்டான். பெரிய வேலையில் இருக்கும் ஆள் கேட்ட மாதிரி இல்லை. சாயங்காலம் கூட்டிப்போக யாரும் வராமல் கடைசியில் மிச்சப்பட்டு நிற்கும் பிள்ளைகள் கேட்பது அப்படித்தான் இருக்கும்.

"வருவாங்கப்பா. நீ ஆசையாக் கூப்பிடறே, ஏன் வர மாட்டாங்க. கொஞ்ச நாள் வந்து இருப்பாங்க. ஆனா டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வர்றதுக்கும் சேர்த்தே எடுத்துடு. அவங்க எங்களுக்கு வேணும். எனக்கு வேணும்."

சொல்லிவிட்டுத் திரும்பினால், பாயில் படுத்திருந்தவரின் கண் திறக்கவில்லை, ஆனால் வாய் திறந்தது.

"எப்ப போகணும், எப்ப வரணும்னு நான் சொல்லணும். நீ யாரு அதைச் சொல்றதுக்கு?"

எனக்கு நாக்கு நுனியில் நல்ல பதில் ஒன்று இருந்தது. சுடச் சுட இருந்தது. ஆனால் சொல்லவில்லை, அவர் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாளைக்குச் சொன்னால் ஆயிற்று.